கிளஸ்டரில் புரோமிதியஸ் கண்காணிப்பு: அமைக்கும் வரிசையும், தரவு வராதபோது தேடும் வரிசையும்

கிளஸ்டர் (ஒன்றாகச் சேர்ந்து வேலை செய்யும் கணினிகளின் கூட்டம்) கண்காணிப்பை முதன்முறையாக அமைப்பவர்கள் பெரும்பாலும் வரைபடங்களைக் காட்டும் கிராஃபானாவில்தான் கை வைக்கிறார்கள். ஒரு டாஷ்போர்டை இறக்கி இணைத்ததும் பாதிக் கட்டங்களில் 'நோ டேட்டா' என்று வரும். பிறகு அந்த டாஷ்போர்டோடு இரண்டு நாள் போராட்டம். கோளாறு அங்கே இருக்காது. ஏதோ ஒரு நோடின் (கிளஸ்டரில் உள்ள ஒரு கணினியின்) ஃபயர்வாலிலோ, பெயரிலோ, கடிகாரத்திலோ இருக்கும்.

தரவு நோடில் பிறக்கிறது. அங்கே ஓடும் எக்ஸ்போர்ட்டர் என்ற சிறு நிரல் அதை வெளியே காட்டுகிறது, புரோமிதியஸ் என்ற கண்காணிப்பு மென்பொருள் வந்து எடுத்துப் போய்ச் சேமிக்கிறது, கடைசியில்தான் அது படமாகிறது. அமைக்கும்போதும் கோளாறு தேடும்போதும் இதே வழியில் நடந்தால் வேலை பாதியாகக் குறையும். இந்த வழிகாட்டி முழுக்க அந்த வரிசையில்தான் போகிறது.

பயனர்கள் உள்நுழையும் ஒரு ஹெட் நோடு, வேலைகள் ஓடும் 40 கம்ப்யூட் நோடுகள், ஹோம் டைரக்டரிகளை என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழிக் கோப்புப் பகிர்வு) வழியாகத் தரும் ஒரு ஃபைல் சர்வர், வேலைகளைப் பிரித்துக் கொடுக்க ஸ்லர்ம். இப்படி ஒரு லினக்ஸ் கிளஸ்டரை மனதில் வைத்து எழுதுகிறேன்.

## 1. எதையும் நிறுவுவதற்கு முன்

பெயர்களை முடிவு செய்யுங்கள். ஒவ்வொரு நோடுக்கும் ஒரே பெயர், எல்லா இடத்திலும் ஒரே மாதிரி. புரோமிதியஸுக்கு லேபிள்தான் (தரவோடு ஒட்டியிருக்கும் பெயர்ச்சீட்டு) அடையாளம். இன்று ஐபி முகவரியில் தொடங்கிவிட்டு அடுத்த மாதம் ஹோஸ்ட்நேமுக்கு மாறினால், அது வேறொரு நோடு என்றே எடுத்துக்கொள்ளும். பழைய வரலாறு தனியாக, புதியது தனியாக நிற்கும். பின்னால் ஒட்ட முடியாது.

எந்த நெட்வொர்க்கில் பேசப் போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பல கிளஸ்டர்களில் ஒரு நோடுக்கு மூன்று முகவரிகள் இருக்கும்: நிர்வாகத்துக்கான ஈதர்நெட், வேலைகளுக்கான இன்ஃபினிபேண்ட், மதர்போர்டில் உள்ள தொலைநிர்வாகச் சில்லான பிஎம்சி. கண்காணிப்பு நிர்வாக நெட்வொர்க்கில்தான் ஓட வேண்டும். பெயரைத் தேடினால் அந்த முகவரிதான் வருகிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள்.

கடிகாரம். எல்லா நோடிலும் நேரத்தை ஒத்திசைக்கும் குரோனி ஓட வேண்டும். தரவுக்கு நேர முத்திரை போடுவது புரோமிதியஸ் ஓடும் இயந்திரம்தான். ஆகவே அந்த இயந்திரத்தின் நேரம் பிசகினால் எல்லாமே பிசகும். நோடின் நேரம் பிசகினால் வரைபடம் கெடாது, ஆனால் லாக்கையும் வரைபடத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும்போது குழம்பிப் போவீர்கள்.

புரோமிதியஸுக்குத் தனி இயந்திரம். ஹெட் நோடிலேயே வைக்கத் தோன்றும். வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பயனர்கள் ஹெட் நோடில் பெரிய கம்பைல் ஓட்டுவார்கள், மெமரியைத் தின்பார்கள். என்ன நடந்தது என்று பார்க்க வேண்டிய அதே நொடியில் கண்காணிப்பும் சேர்ந்து விழுந்திருக்கும். பழைய சர்வர் ஒன்று போதும்.

டிஸ்க் கணக்கு. ஒரு மாதிரிக்கு (ஒரு முறை எடுத்த ஒரு மதிப்புக்கு) 1 முதல் 2 பைட் வரை ஆகும். நோடுக்கு 2000 தொடர்கள் (தனித்தனியாகப் பதியும் அளவுகள்), 40 நோடுகள், 30 நொடிக்கு ஒரு முறை என்றால் நொடிக்குச் சுமார் 2667 மாதிரிகள். 2 பைட் என்று கணக்கிட்டால் ஒரு நாளைக்கு 460 எம்பி, 90 நாளைக்கு 42 ஜிபிக்குள். இரண்டு மடங்கு இடம் ஒதுக்கிவிட்டால் கவலையில்லை. நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் புரோமிதியஸ் 15 நாள் மட்டுமே வைத்திருக்கும். 'போன மாதம் எப்படி ஓடியது?' என்று கேள்வி வரும்போதுதான் பலருக்கு இது தெரியவருகிறது. நாட்களோடு சேர்த்து அதிகபட்ச அளவையும் கொடுங்கள், டிஸ்க் நிரம்பாமல் இருக்கும். டிஸ்க் உள்ளூர் டிஸ்க்காக இருக்க வேண்டும். என்எஃப்எஸ் மேல் இந்தத் தரவுத்தளத்தை வைப்பதைப் புரோமிதியஸ் ஆதரிப்பதில்லை.

## 2. எக்ஸ்போர்ட்டர்: முதலில் ஒரே ஒரு நோடில்

40 நோடிலும் ஒரே மூச்சில் நிறுவாதீர்கள். ஒன்றில் சரியாக வந்த பிறகு மற்றவை.

நாம் நிறுவுவது நோட் எக்ஸ்போர்ட்டர். அது 9100 போர்ட்டில் கேட்கும், அதாவது இணைப்புக்காகக் காத்திருக்கும். தனிப் பயனர் ஒன்றை உருவாக்கி, லினக்ஸின் சேவை நிர்வாகியான சிஸ்டம்டியில் ஒரு சர்வீஸாக ஓட்டுங்கள். ரூட் தேவையில்லை. வேறு ஏற்பாடு செய்யாதவரை கடவுச்சொல் எதுவும் கேட்காது. அதனால் நிர்வாக நெட்வொர்க் முகவரியில் மட்டும் கேட்கச் சொல்லுங்கள். ஃபயர்வாலிலும் புரோமிதியஸ் இயந்திரத்துக்கு மட்டும் வழி விடுங்கள்.

பிறகு இரண்டு சோதனைகள், இந்த வரிசையில். முதலில் அந்த நோடுக்குள் இருந்தே கர்ல் (வலைப்பக்கத்தை எடுக்கும் கட்டளை) கொண்டு, சர்வீஸுக்குக் கொடுத்த அதே நிர்வாக முகவரியில் மெட்ரிக்ஸ் (அளவுகள்) பக்கத்தை எடுங்கள். நிறைய வரிகள் கொட்டினால் எக்ஸ்போர்ட்டர் சரி. அடுத்து புரோமிதியஸ் இயந்திரத்திலிருந்து அதையே செய்யுங்கள். முதலாவது வேலை செய்து இரண்டாவது செய்யாவிட்டால் சிக்கல் நெட்வொர்க்கில். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் எக்ஸ்போர்ட்டரைத் திரும்பத் திரும்ப நிறுவியவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை: கல்வி நிறுவனங்களில் ஷெல்லில் ப்ராக்ஸி மாறிகள் ஏற்கெனவே அமைந்திருக்கும். கர்ல் அந்த ப்ராக்ஸி வழியாகப் போய், உள் முகவரியைக் கண்டுபிடிக்க முடியாமல் பிழை தரும். ப்ராக்ஸி இல்லாமல் சோதியுங்கள்.

என்எஃப்எஸ்ஸை விலக்குங்கள். இதை யாரும் முதல் நாளில் செய்வதில்லை, ஆனால் முதல் நாளில்தான் செய்ய வேண்டும். எக்ஸ்போர்ட்டர் மவுண்ட் ஆகியிருக்கும் ஃபைல் சிஸ்டங்களை அளக்கும்போது என்எஃப்எஸ்ஸையும் சேர்த்துக்கொள்ளும். நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு கிளஸ்டரில் ஒரு நாள் ஹோம் 90 சதவீதத்தைத் தாண்டியது. நிரம்பியது ஒரே ஒரு டிஸ்க். மெயில் வந்ததோ ஒவ்வொரு நோடின் பெயரிலும் ஒன்று. அதற்கு நடுவே நிஜமாகவே ஒரு நோடு இறந்துபோனதைச் சொன்ன மெயிலைக் காலை வரை யாரும் திறக்கவில்லை. கம்ப்யூட் நோடுகளில் என்எஃப்எஸ் வகையை விலக்கிவிட்டு, ஃபைல் சர்வரில் மட்டும் அந்த டிஸ்க்கைக் கண்காணியுங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. ஃபைல் சர்வர் தொங்கினால், அந்த மவுண்டின் அளவைக் கேட்கும் அழைப்பும் தொங்கும். எக்ஸ்போர்ட்டருக்கு இதற்கென்று 5 நொடிக் காத்திருப்பு வரம்பு இருக்கிறது என்றாலும், எல்லா நோடின் பதிலும் ஒரே நேரத்தில் தாமதமாகும். ஒரு சர்வரின் கோளாறு 40 நோடின் கோளாறு போலத் தெரியும்.

## 3. மற்ற நோடுகளுக்குப் பரப்புதல்

முதலில் கேட்க வேண்டிய கேள்வி: உங்கள் நோடுகள் டிஸ்க்கிலிருந்து பூட் ஆகின்றனவா, இமேஜிலிருந்தா?

வேர்வுல்ஃப் போன்ற கருவியால் நெட்வொர்க் வழியாக இமேஜை ஏற்றும் கிளஸ்டர் என்றால், நோடுக்குள் போய் நிறுவியது அடுத்த ரீபூட்டில் மறைந்துவிடும். எல்லாம் பச்சையாக இருந்த கிளஸ்டரில் பராமரிப்புக்குப் பிறகு திடீரென்று பாதி நோடுகள் சிவப்பாவதற்கு இதுவே முதல் சந்தேகம். இமேஜுக்குள் நிறுவி, சர்வீஸை எனேபிள் செய்து, ஒரு நோடை ரீபூட் செய்து தானாக வருகிறதா என்று பாருங்கள்.

டிஸ்க் உள்ள நோடுகளுக்கு, பல இயந்திரங்களில் ஒரே வேலையைச் செய்யும் ஆன்சிபிள் போதும். எல்லாவற்றிலும் ஒரே பதிப்பை வையுங்கள். சில மெட்ரிக்குகளின் பெயர்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறியிருக்கின்றன. கலந்து இருந்தால் சில நோடுகள் மட்டும் வரைபடத்தில் வராது, காரணமும் எளிதில் பிடிபடாது.

## 4. புரோமிதியஸ் கான்ஃபிக்

நோடு பட்டியலை முதன்மைக் கான்ஃபிக் கோப்பில் எழுதாதீர்கள். ஃபைல் சர்வீஸ் டிஸ்கவரி என்ற வசதியைப் பயன்படுத்தி, பட்டியலைத் தனிக் கோப்பில் வையுங்கள். அந்தக் கோப்பு மாறினால் புரோமிதியஸ் தானாகவே படித்துக்கொள்ளும், ரீலோட் தேவையில்லை. நோடு சேர்க்கும்போது முதன்மைக் கோப்பைத் தொட வேண்டியிராது என்பதால் அதை உடைக்கும் வாய்ப்பும் குறையும்.

அந்தக் கோப்பிலேயே ஒவ்வொரு நோடுக்கும் இரண்டு லேபிள்கள் கொடுங்கள்: எந்த ராக் (நோடுகளை அடுக்கும் அலமாரி), என்ன வேலை. இப்போது தேவையில்லை போலத் தோன்றும். எட்டாம் படியில் அலர்ட் அமைக்கும்போது இவை இல்லாமல் முடியாது.

தரவு எடுக்கும் இடைவெளி, நீங்கள் சொல்லாவிட்டால் 1 நிமிடம். நான் 30 நொடி வைக்கிறேன். 5 நொடி வைக்க ஆசைப்படாதீர்கள். கம்ப்யூட் நோடில் எம்பிஐ வேலை (பல நோடுகள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டு சேர்ந்து செய்யும் வேலை) ஓடும்போது நீங்கள் குறுக்கிடும் ஒவ்வொரு முறையும் அந்த வேலையின் நேரம்தான் போகிறது. இடைவெளி எவ்வளவாக இருந்தாலும் எல்லா நோடுக்கும் ஒன்றாகவே இருக்கட்டும்.

மாற்றிய ஒவ்வொரு முறையும் புரோமிதியஸோடு வரும் பிராம்டூல் கொண்டு கான்ஃபிக்கைச் சரிபாருங்கள். கான்ஃபிக் யாமல் என்ற வடிவத்தில் இருக்கும். அதில் இடம்விட ஸ்பேஸ்தான், டேப் கூடாது. இங்கே அமைதியாக ஏமாற்றும் ஒரு விஷயம் இருக்கிறது: தவறான கான்ஃபிக்கோடு ரீலோட் செய்தால் புரோமிதியஸ் நிற்காது, பழைய கான்ஃபிக்கோடு ஓடிக்கொண்டே இருக்கும். நீங்கள் மாற்றியது அமலுக்கு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். மூன்று வாரம் கழித்து யாராவது அதை ரீஸ்டார்ட் செய்யும்போது எழாமல் நிற்கும். கடைசி ரீலோட் வெற்றியா என்று சொல்லும் மெட்ரிக் ஒன்று இருக்கிறது. அது 0 ஆனால் அலர்ட் வர வேண்டும்.

## 5. டார்கெட்ஸ் பக்கம் முழுக்கப் பச்சையாகும் வரை

9090 போர்ட்டில் புரோமிதியஸின் டார்கெட்ஸ் பக்கத்தை (தரவு எடுக்கும் இடங்களின் பட்டியலை) திறந்து எண்ணுங்கள். 40 கம்ப்யூட் நோடு, ஹெட் நோடு, ஃபைல் சர்வர், கண்காணிப்பு இயந்திரம். மொத்தம் 43 நோட் எக்ஸ்போர்ட்டர்கள். 42 இருந்தால் நகராதீர்கள். 'அந்த ஒன்றைப் பிறகு பார்க்கலாம்' என்று விட்டால் அது அப்படியே தங்கிவிடும்.

பச்சையாக இருப்பது மட்டும் போதாது. ஹோஸ்ட்நேமைக் காட்டும் மெட்ரிக்கைக் கேட்டு, எந்த நோடு என்று சொல்லும் இன்ஸ்டன்ஸ் லேபிளும் அதுவும் பொருந்துகின்றனவா பாருங்கள். பட்டியலை நகலெடுத்து ஒட்டும்போது 17ஆம் நோடின் பெயரில் 16ஆம் நோடின் முகவரி வந்திருக்கும். இரண்டும் பச்சையாகவே தெரியும். 17 விழுந்தால் யாருக்கும் தெரியாது.

## 6. கிளஸ்டருக்கே உரிய மெட்ரிக்குகள்

ஸ்லர்ம் நோடின் நிலை, உங்கள் சொந்த ஹெல்த் செக் முடிவு போன்றவற்றை எக்ஸ்போர்ட்டரின் டெக்ஸ்ட்ஃபைல் கலெக்டர் வழியாகக் கொடுக்கலாம் (கலெக்டர் என்பது ஒரு வகைத் தரவைச் சேகரிக்கும் பகுதி). ஒரு டைரக்டரியில் ஸ்கிரிப்ட் எழுதிவைக்கும் கோப்பை எக்ஸ்போர்ட்டர் படித்துக் காட்டும்.

கோப்பில் நேரடியாக எழுதாதீர்கள். பாதி எழுதிய நேரத்தில் எக்ஸ்போர்ட்டர் படித்தால் அந்த முறை அந்த மெட்ரிக்குகள் போச்சு. அதே டைரக்டரியில் வேறு பெயரில் எழுதி முடித்து, பிறகு பெயரை மாற்றுங்கள். ஸ்கிரிப்டைக் குறித்த நேரத்தில் ஓட்டும் கிரான் நின்றுபோனாலும் பழைய கோப்பு அங்கேயே இருக்கும், பழைய மதிப்பே புதியது போல வந்துகொண்டிருக்கும். கோப்பு எப்போது மாறியது என்பதையும் எக்ஸ்போர்ட்டர் மெட்ரிக்காகத் தருகிறது. அதற்கும் ஒரு அலர்ட் வையுங்கள்.

## 7. கிராஃபானா, இப்போதுதான்

தரவு மூலத்தைச் சேர்க்கும்போது எடுக்கும் இடைவெளியையும் அதில் சரியாகக் குறிப்பிடுங்கள். காலியான வரைபடங்களுக்கு முக்கியக் காரணம் ரேட் கணக்கின் சாளரம், அதாவது நொடிக்கு எவ்வளவு கூடியது என்று கணக்கிட எடுக்கும் காலப்பகுதி. ரேட் கணக்கிடக் குறைந்தது இரண்டு மாதிரிகள் வேண்டும். 1 நிமிடத்துக்கு ஒரு முறை எடுத்துவிட்டு 1 நிமிடச் சாளரத்தில் ரேட் கேட்டால் ஒன்றும் வராது. இடைவெளியைப் போல நான்கு மடங்கு சாளரம் வைப்பது பாதுகாப்பு, நடுவில் ஒரு மாதிரி தவறினாலும் தாங்கும்.

மெமரிக்கு 'ஃப்ரீ' என்ற மதிப்பை எடுக்காதீர்கள், 'அவைலபிள்' எடுங்கள். லினக்ஸ் மீதி மெமரியையெல்லாம் கேஷுக்குப் பயன்படுத்திக்கொள்ளும் என்பதால் ஆரோக்கியமான நோடிலும் ஃப்ரீ குறைவாகவே இருக்கும்.

## 8. அலர்ட்: குறைவாக, ஆனால் நம்பும்படி

வெப் சர்வர்களுக்கு எழுதப்பட்ட அலர்ட் விதிகளைக் கிளஸ்டருக்கு அப்படியே கொண்டுவராதீர்கள். அங்கே சிபியு 100 சதவீதம் ஆபத்து. இங்கே கம்ப்யூட் நோடு 100 சதவீதத்தில் ஓடுவதுதான் நாம் விரும்புவது. வேலை ஒதுக்கப்பட்டும் சிபியு சும்மா கிடந்தால் அதுதான் கவனிக்க வேண்டியது.

நான் கட்டாயம் வைப்பவை: நோடு பதில் தராமல் 5 நிமிடம், உள்ளூர் டிஸ்க் நிரம்புதல், ஃபைல் சர்வர் டிஸ்க், தானாகத் திருத்தப்பட்ட மெமரிப் பிழைகள் ஏறிக்கொண்டே போவது, இன்ஃபினிபேண்ட் போர்ட்டின் வேகம் குறைவது. கடைசியதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரு கேபிள் சரியாகப் பொருந்தாமல் ஒரு லிங்க் குறைந்த வேகத்துக்கு இறங்கினால் எந்தப் பிழையும் வராது. ஆனால் எம்பிஐ வேலையில் எல்லா நோடும் அந்த ஒன்றுக்காகக் காத்து நிற்கும். பயனர் 'இந்த வாரம் மெதுவாக இருக்கிறது' என்று மட்டும் சொல்வார்.

அலர்ட் தவறிப்போகும் இரண்டு இடங்களை நன்றாக மனதில் வையுங்கள்.

முதலாவது, பட்டியலிலிருந்தே நோடு காணாமல் போவது. நோடு விழுந்தால் 'அப்' மெட்ரிக் 0 ஆகும், அலர்ட் வரும். பட்டியல் கோப்பில் தவறுதலாக ஒரு வரி அழிந்தால் அந்த மெட்ரிக்கே இருக்காது. இல்லாத ஒன்று 0 ஆகாது, ஆகவே அலர்ட்டும் வராது. மொத்த எண்ணிக்கை 43க்குக் கீழே போனால் சொல் என்று தனி விதி எழுதுங்கள்.

இரண்டாவது, பொய்யாக வரும் 'சரியாகிவிட்டது' செய்தி. டிஸ்க் நிரம்புகிறது என்று ஒரு நோடுக்கு அலர்ட் ஓடிக்கொண்டிருக்கிறது. நிரம்பியதாலேயே நோடு விழுந்துவிடுகிறது. அதன் டிஸ்க் மெட்ரிக் வருவது நின்றதும் விதிக்குப் பொருந்த எதுவும் இல்லை, உடனே 'ரிசால்வ்டு' என்று மெயில் வரும். அந்த மெயிலை மட்டும் பார்த்து நிம்மதியாகத் தூங்கப் போகாதீர்கள். நோடு உயிரோடு இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டுப் போங்கள்.

அலர்ட்டுகளைச் சேர்த்து அனுப்பும் அலர்ட்மேனேஜரில் ராக் வாரியாகக் குழுவாக்குங்கள். ஒரு ராக்கின் ஸ்விட்ச் விழுந்தால் அதே ராக்கின் நோடு அலர்ட்டுகளை அடக்கச் சொல்லும் விதியும் எழுதுங்கள். நான்காம் படியில் போட்ட ராக் லேபிள் இதற்குத்தான். ஸ்விட்ச்சை, வெளியிலிருந்து சோதிக்கும் பிளாக்பாக்ஸ் எக்ஸ்போர்ட்டர் கொண்டு பிங் செய்து கண்காணிக்கலாம், அதற்கும் அதே லேபிளைக் கொடுங்கள்.

எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும் ஒரு அலர்ட்டையும் வைத்து, அதைக் கிளஸ்டருக்கு வெளியே உள்ள ஒரு இடத்துக்கு அனுப்புங்கள். அது நின்றால் கண்காணிப்பே நின்றுவிட்டது என்று அங்கிருந்து தகவல் வர வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் ஒரு நோடில் எக்ஸ்போர்ட்டரை நிஜமாகவே நிறுத்திவிட்டு, மெயில் கைபேசிக்கு வந்து சேரும் வரை காத்திருங்கள். விதி சரி, அலர்ட்மேனேஜர் சரி, மெயில் மட்டும் ஸ்பேமில் கிடந்த கதையை இந்தச் சோதனையில்தான் பிடிக்க முடியும்.

## 9. தரவு வரவில்லை என்றால்

கிராஃபானாவை மூடிவிட்டு டார்கெட்ஸ் பக்கத்துக்குப் போங்கள். அங்கே வரும் பிழைச் செய்தி பாதி விடையைச் சொல்லிவிடும்.

'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு': நோடு உயிரோடு இருக்கிறது, அந்தப் போர்ட்டில் யாரும் கேட்கவில்லை. சர்வீஸ் ஓடவில்லை, அல்லது வேறு முகவரியில் கேட்கிறது. உள் முகவரி 127.0.0.1இல் மட்டும் கேட்கும்படி யாராவது அமைத்திருக்கலாம்.

'நோ ரூட் டு ஹோஸ்ட்': பெயரைப் பார்த்து ரூட்டிங்கைக் குடைய வேண்டாம். பிங் போகிறது என்றால் பெரும்பாலும் நோடின் ஃபயர்வாலான ஃபயர்வால்டி மறுக்கிறது. நோடு அணைந்திருந்தாலும் இதே செய்தி வரலாம், ஆகவே பிங்கை முதலில் பாருங்கள்.

'கான்டெக்ஸ்ட் டெட்லைன் எக்சீடட்': பதில் காலக்கெடுவுக்குள் வரவில்லை, இயல்பாக அது 10 நொடி. ஃபயர்வால் பதிலே சொல்லாமல் விழுங்குகிறது, அல்லது எக்ஸ்போர்ட்டர் மெதுவாக இருக்கிறது. நோடுக்குள் போய் கர்ல் போட்டு நேரத்தை அளந்தால் எது என்று தெரியும். மெதுவாக இருந்தால், ஒவ்வொரு கலெக்டரும் எடுத்த நேரத்தை அந்தப் பக்கத்திலேயே ஒரு மெட்ரிக் காட்டும். அதிகம் எடுத்தது ஃபைல் சிஸ்டம் கலெக்டர் என்றால் என்எஃப்எஸ்ஸைப் பாருங்கள்.

டார்கெட் பச்சை, ஆனால் ஒரு மெட்ரிக் மட்டும் இல்லை: கர்ல் வெளியீட்டில் அந்தப் பெயரைத் தேடுங்கள். அங்கே இல்லையென்றால் அந்தக் கலெக்டர் இயங்கவில்லை அல்லது தோல்வியடைகிறது. அங்கே இருந்து புரோமிதியஸில் இல்லையென்றால் கான்ஃபிக்கில் உள்ள ரீலேபிள் விதி (லேபிள்களை மாற்றும், மெட்ரிக்குகளை நீக்கும் விதி) ஏதோ அதை நீக்குகிறது.

புரோமிதியஸில் இருக்கிறது, கிராஃபானாவில் இல்லை: இப்போதுதான் டாஷ்போர்டைச் சந்தேகப்பட வேண்டும். டாஷ்போர்டு மாறியில் உள்ள லேபிள் பெயர் உங்கள் லேபிளோடு ஒத்துப்போகிறதா, ரேட் சாளரம் போதுமா, உங்கள் லேப்டாப் கடிகாரம் சரியா என்று இந்த வரிசையில் பாருங்கள்.

புரோமிதியஸ் ரீஸ்டார்ட் செய்ததும் எழவில்லை: லாகைப் படியுங்கள். கான்ஃபிக் பிழை என்றால் அங்கேயே வரி எண்ணோடு இருக்கும். பிழை எதுவும் இல்லாமல் ரீப்ளே என்று வரிகள் ஓடிக்கொண்டிருந்தால், கடைசி சில மணி நேரத் தரவைப் பதிவிலிருந்து மெமரிக்குத் திரும்ப ஏற்றிக்கொண்டிருக்கிறது. பழைய டிஸ்க்கில் இதற்குச் சில நிமிடங்கள்கூட ஆகலாம். பொறுமையிழந்து கில் செய்தால் அடுத்த முறை முதலிலிருந்து தொடங்கும். சிஸ்டம்டியின் தொடக்கக் காலக்கெடுவைக் குறைத்து வைத்திருந்தால், அதுவும் இதையே செய்துகொண்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கோப்பை தேநீர் குடித்துவிட்டு வந்து டார்கெட்ஸ் பக்கத்தில் 43 இருக்கிறதா என்று எண்ணுங்கள்.